கப்பலில் அடிபட்டால் எந்த வழி நல்லது?

என் சித்தப்பாவின் மகன் கப்பலால் திரும்பி வந்தபோது வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் நேரம் கயிறு இறுகி, இரும்புக் குற்றியோடு சேர்த்து நசித்துவிட்டது. கையிலிருந்த பிளாஸ்டிக் கோப்பில் வேலை ஒப்பந்தம், சி.டி.சி. எனும் மாலுமியின் சேவைப் பதிவுப் புத்தகம், வெளிநாட்டு ஆஸ்பத்திரித் துண்டு, அதோடு ஏஜென்ட் கொடுத்த ஒரு பக்கக் கடிதம். ஒப்பமிட்டால் காசு உடனே வரும் என்று சொன்னார்களாம். இதைப் பெற்ற பிறகு கப்பல் உரிமையாளரிடம் வேறெதுவும் கேட்க மாட்டேன் என்று கடைசிப் பந்தியில் இருந்தது. அவனை ஒப்பமிட வேண்டாம் என்று மறித்துவிட்டு, என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று தேடத் தொடங்கினேன்.

முதல் வழி, ஒப்பந்தப்படி கேட்பது. 2006இல் ஜெனீவாவில் நிறைவேறிய சர்வதேச உடன்படிக்கையான கடல்சார் தொழிலாளர் சமவாயம் 2013 ஓகஸ்ட் 20இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2017இல் அதை ஏற்றது. கப்பல் பனாமாவிலோ லைபீரியாவிலோ பதிவாகி அந்த நாட்டுக் கொடி பறந்தாலும் தப்ப முடியாது, அந்த நாடுகளும் ஏற்றவைதான். இந்த வழியின் பெரிய பலம், யார் பிழை என்று நிரூபிக்கத் தேவையில்லை. கப்பல் வேலையில் பட்ட காயம் என்றால் மருத்துவச் செலவு உரிமையாளர் பொறுப்பு. நாட்டுச் சட்டம் அதற்குக் காலவரம்பு வைத்தாலும் 16 வாரத்துக்குக் குறைக்க முடியாது. வேண்டுமென்றே செய்த தவறு, மறைத்த நோய் என்றால்தான் மறுக்கலாம்.

நிரந்தர ஊனத்துக்கான தொகை ஒப்பந்தத்தில் எழுதியபடி. அந்தத் தொகையைவிடக் குறைவாக வாங்கச் சொல்லி நெருக்கக்கூடாது, வாங்கியதால் மற்றச் சட்ட உரிமைகள் போய்விடாது என்று சமவாயமே சொல்கிறது. பிறகு வழக்கில் வென்றால் முன்பு வாங்கியதைக் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆகவே தம்பியிடம் நீட்டிய அந்தக் கடைசிப் பந்திக்கு அங்கே இடமே இல்லை. 2017 முதல், இந்தக் காசுக்குப் பிணை நிற்கும் காப்புறுதியாளரின் பெயர், முகவரியோடு ஒரு சான்றிதழ் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். ஏறிய முதல் நாளே அதைப் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். ஏஜென்ட் கைவிட்டாலும் அந்தக் காப்புறுதியாளரிடம் நேரே கேட்கலாம்.

இரண்டாவது வழி, இங்கே வழக்குப் போடுவது. தொகை கூடுதலாகக் கிடைக்கலாம், ஆனால் உரிமையாளரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். கப்பல் இலங்கைத் துறைமுகத்துக்கு வந்தால் 1983ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டப்படி கப்பலையே தடுத்து வைக்கக் கேட்கலாம். அதற்குக் கொழும்பு மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், யாழ்ப்பாணத்திலிருக்கும் நமக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கப்பல் புறப்பட்டுவிட்டால் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டப்படி இப்படியான நட்டஈட்டு வழக்குக்கு இரண்டே வருடம்தான். ஏஜென்ட் 'பாப்பம், பாப்பம்' என்று இழுத்தடிக்கும்போது அந்த நாட்களும் சேர்ந்தே ஓடுகின்றன.

அமெரிக்காவில் கோடிகள் கிடைக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. 1920இன் ஜோன்ஸ் சட்டம் உண்மையிலேயே தாராளமானது: முதலாளியின் பிழை சிறிதாக இருந்தாலும் போதும், தொகையை ஜூரி தீர்மானிக்கலாம். ஆனால் வேறு நாட்டுக் கொடியுள்ள கப்பலில் வேலை செய்த வெளிநாட்டவருக்கு அந்தக் கதவு இலகுவில் திறக்காது. ஹவானாவில் காயப்பட்ட டென்மார்க் மாலுமியின் வழக்கில், 1953இல், கொடிக்கே கூடுதல் எடை கொடுத்தது அமெரிக்க உச்ச நீதிமன்றம். 1938இல் வல்வெட்டித்துறையின் அன்னபூரணி பாய்க்கப்பல் அமெரிக்கக் கரையைத் தொட்டது நமக்குப் பெருமைதான், அதற்காக நம் பிள்ளைகளின் வழக்குகளும் அங்கே கரையேறும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

எனவே முதல் வழியில் தொடங்கி, இரண்டாவதை இரண்டு வருடத்துக்குள் திறந்து வைத்திருப்பதே சரி என்பது என் முடிவு. தம்பிக்கும் அதைத்தான் சொன்னேன்.

குருநகரிலும் மயிலிட்டியிலும் மீன்பிடிப் படகில் போகிறவர்களை நினைத்தால்தான் மனம் கனக்கிறது. அந்தச் சமவாயம் மீன்பிடிக் கலங்களைச் சேர்க்கவில்லை. அவர்களுக்கு எஞ்சியிருப்பது 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். பிழையை நிரூபிக்கத் தேவையில்லை என்பது அதன் நன்மை. அதன் உச்சத்தொகை 2022இல்தான் 550,000 ரூபாவிலிருந்து 2,000,000 ரூபாவாகக் கூடியது. ஆனால் சம்பளமில்லாமல் பிடிபடும் மீனில் பங்குக்குப் போகிறவன் வேலையாளா, பங்காளியா என்ற கேள்வி முதலிலேயே குறுக்கே வந்து நிற்கும். எழுத்தில் ஒப்பந்தம் இருக்காது. யார் கடலுக்குப் போனார், யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்பது படகு உரிமையாளரான சம்மாட்டியின் கணக்குக் கொப்பியில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கத்தையும் ஒவ்வொரு மாதமும் போனில் படம் எடுத்து வையுங்கள்.