அரசு பஸ்ஸா, தனியார் பஸ்ஸா?

சேலம், ஈரோடு, கோவைப் பக்கம் அரசு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே தடத்தில் முன்னும் பின்னுமாக ஓடுகின்றன. கட்டணம் இரண்டுக்குமே அரசு நிர்ணயிப்பதுதான், தனியாருக்குப் பெர்மிட்டும் டைமிங்கும் தருவதும் அரசுதான். தொழிலை அரசே நடத்த வேண்டுமா, கடிவாளம் போட்டுத் தனியாரிடம் விட்டால் போதுமா என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

பயணியாகப் பார்த்தால் தனியார்தான் முந்துகிறது. கைகாட்டினால் நிற்கும், கண்டக்டர் இறங்கி வந்து மூட்டையை வாங்கி ஏற்றுவார். வசூலுக்குத் தக்க பேட்டா என்பதால் வருகிற அக்கறை அது. அதே பேட்டாதான் ஆபத்தும். முன்னால் போகிறவர் ஸ்டாப்பில் இரண்டு நிமிஷம் கூடுதலாக நின்று ஆள் ஏற்றிவிட்டால் பின்னால் வருகிறவருக்கு வசூல் போச்சு, அப்புறம் அடுத்த ஊர் வரைக்கும் ஏர் ஹாரனை அலறவிட்டுத் துரத்தல்தான், உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் பாடு திண்டாட்டம்.

அரசு பஸ்ஸில் கூரை ஒழுகும், ஜன்னல் இறங்காது. சரி, ஆனால் காலையில் ஒரு டிரிப், சாயங்காலம் ஒரு டிரிப் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை நம்பி மலையடிவாரக் கிராமத்துக்குப் போகிற வண்டி எது? 1972-இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தொடங்கியதன் பெரிய பலன் இந்த மாதிரித் தடங்கள்தான். வசூல் இல்லாத தடத்தில் தனியாரை ஓடு என்று சட்டம் போட்டாலும் ‘வண்டி ரிப்பேர்’ என்று கடைசி டிரிப்பைக் கட் அடித்துவிடுவார்கள்.

இந்தத் தடங்களை ஓட்டுகிற செலவை யார் தலையில் கட்டுகிறோம் என்பதுதான் எனக்கு ஆத்திரம். 2018-இல் புறநகர்ச் சாதாரணப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 58 பைசா என்று நிர்ணயித்தார்கள். அப்போது 70 ரூபாய்க்குள் இருந்த டீசல் பிறகு 90-ஐத் தாண்டியது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். அருமையான திட்டம், அதற்கு அரசு கழகங்களுக்குப் பணமும் தருகிறது. ஆனாலும் ஓய்வு பெற்ற டிரைவர், கண்டக்டர்களின் அகவிலைப்படிக்காக 2024 ஜனவரியில் வேலைநிறுத்தம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. தேர்தலுக்குப் பயந்து கட்டணத்தைத் தொடாத அரசு, வித்தியாசத்தைத் தொழிலாளியின் பாக்கியில் ஏற்றுவது அநியாயம்.

கடிவாளத்தையே கழற்றிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தீபாவளி நேரத்து ஆம்னி பஸ் டிக்கெட்டே சாட்சி.

சென்னையில் 2025-இல் வந்த மின்சாரப் பேருந்துகளில் மூன்றாவது வழி ஒன்றைப் பார்க்கிறோம். வண்டியும் டிரைவரும் ஒப்பந்த நிறுவனத்துடையது, கண்டக்டர், தடம், கட்டணம் எல்லாம் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது, ஓடின கிலோமீட்டருக்குப் பணம். வசூலுக்காகத் துரத்துகிற வேலை இதில் இல்லை. டிரைவருக்கு என்ன சம்பளம், எத்தனை மணி நேர வேலை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதினால் இதை ஆதரிப்பேன். மற்ற ஊர்களில், நல்ல வசூல் தடத்துக்குப் பெர்மிட் கேட்கிற தனியாரிடம் கூடவே ஒரு கிராம டிரிப்பையும் கட்டிக் கொடுக்க வேண்டும், அதைக் கட் அடித்தால் இரண்டு பெர்மிட்டும் ரத்து.