வெட்டி ஒட்டிய ஆக்ஸிலா, புதிதாகக் கடைந்த ஆக்ஸிலா?

மாருதி 800க்குள் அதே மாருதியின் பெரிய காரான எஸ்டீமின் 1298 சிசி எஞ்சினை இறக்குவது கோவைப் பட்டறைகளுக்குப் புதிதல்ல. மவுண்ட், வயரிங், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் கைதேர்ந்த ஆள் இருக்கிறார். பேச்சு, கியர் பாக்ஸிலிருந்து முன் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஆக்ஸிலுக்கு வரும்போதுதான் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். அந்த வழிகளையெல்லாம் விசாரித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வண்டியில் மாட்டியும் ஆகிவிட்டது. எந்தப் பக்கம் சாய்ந்து எழுதுகிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

முதலில் ஒன்று. எஞ்சின் மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு முன் அனுமதி கேட்கிறது. என் வண்டி டிரெய்லரில் ஏறிச் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்குப் போய்த் திரும்புவதோடு சரி. சாலையில் ஓட்ட நினைப்பவர்கள் ஆர்டிஓ அலுவலக வேலையை முடித்துவிட்டு ஆக்ஸிலுக்கு வாருங்கள்.

சிக்கல் இதுதான்: சக்கரப் பக்கம் இருப்பது 800இன் ஹப், அதாவது சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி. ஆக்ஸில் தண்டின் இரு முனையிலும், வளைந்துகொண்டே சுழற்சியைக் கடத்தும் ஜாயின்ட் ஒவ்வொன்று உண்டு. ஹப்பில் 800இன் வெளி ஜாயின்ட்தான் நுழையும். கியர் பாக்ஸ் எஸ்டீமுடையது. அது எஸ்டீமின் உள் ஜாயின்ட்டைத்தான் ஏற்கும். இரண்டுக்கும் நடுவே வேண்டிய தண்டின் நீளத்தில் எந்தக் கம்பெனியும் ஆக்ஸில் செய்வதில்லை. பழைய எஞ்சினின் டார்க், அதாவது முறுக்கு விசை, 60 நியூட்டன் மீட்டரை ஒட்டியது. 16 வால்வு எஸ்டீம் எஞ்சினுடையது சுமார் 110. முதல் கியரும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து அதை 12 மடங்காகப் பெருக்குவதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ஆக்ஸிலின் தலையிலும் 660 நியூட்டன் மீட்டர் விழுகிறது. அவ்வளவும் தரைக்குப் போகுமுன் 12 அங்குல டயர் வழுக்கிவிடும் என்பது உண்மை. ஆனால் ஆக்ஸிலை முறிப்பது சீரான இழுவை அல்ல. கிளட்சைத் தடாலென்று விடும்போது டயர் வழுக்கி, பிடித்து, மறுபடி வழுக்கித் துள்ளுகிறதே, அந்த அடிதான் முறிக்கிறது.

எஸ்டீமின் ஹப், சஸ்பென்ஷன் கை, ஆக்ஸில் அத்தனையையும் அப்படியே மாற்றிவிடலாம் என்பார் உண்டு. எஸ்டீம் அகலமான கார். சக்கரம் மட்கார்டுக்கு வெளியே வந்து நிற்கும். அதைச் சரிசெய்யப் போனால் ஆக்ஸில் வேலை பாடி வேலையாகிவிடும். வெளிநாட்டில் செய்து வாங்கலாம் என்பது இன்னொரு யோசனை. ஹோண்டா சிவிக் மாதிரியான கார்களுக்கு அங்கே கடைகள் உண்டு. 800க்கு அளவு எடுத்து அனுப்பி, சுங்கமும் கட்டி, நீளம் சற்றுத் தவறினால் திருப்பி அனுப்பி... வேண்டாம்.

ஆக, நிஜமான போட்டி இரண்டுக்குத்தான்.

ஒன்று, 800இன் ஆக்ஸிலில் பாதி, எஸ்டீமின் ஆக்ஸிலில் பாதி எடுத்து, நடுவில் குழாய் உறை போட்டு வெல்டிங் செய்வது. செலவு குறைவு, காலையில் கொடுத்தால் மாலையில் கிடைக்கும். அப்படி ஒட்டிய ஆக்ஸிலோடு வருடக்கணக்கில் நிதானமாக ஓடும் வண்டிகளும் உண்டு. எஞ்சின் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் ஓட்டிப் பார்க்க இந்த வழி போதும் என்பேன்.

அதற்கு மேல் நம்ப முடியாததற்குக் காரணம் எஃகில் இருக்கிறது. கம்பெனி ஆக்ஸில் நடுத்தர அளவு கரிமம் உள்ள எஃகு. மேற்பரப்பை மட்டும் இண்டக்ஷன் முறையில், அதாவது மின்காந்தச் சூட்டால், கடினமாக்கியிருப்பார்கள். முறுக்கு விசை அதிகம் தாக்குவது மேற்பரப்பைத்தான் என்பதால் அது கெட்டிக்கார ஏற்பாடு. வெல்டிங் சூடு பட்டதும் அந்தப் பதம் கலைந்துவிடுகிறது. ஒட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு பட்டை வேகமாகக் குளிர்ந்து நொறுங்கும் தன்மைக்குப் போகிறது. முன்சூடு கொடுத்து, மெல்ல ஆறவிட்டால் கேடு குறையும். அதற்குப் பொறுமை உள்ள வெல்டரைக் கண்டுபிடிப்பது தனி வேலை. இப்படி முறிந்த ஆக்ஸிலைப் பார்த்தால் ஒட்டு அப்படியே இருக்கும், அதன் ஓரத்தில் தண்டு போயிருக்கும். "ஒட்டு விடவில்லை பாருங்கள்" என்று வெல்டர் காட்டுவார். அவர் சொல்வதும் சரிதான். வண்டி நின்றுவிட்டதே!

இரண்டாவது, ஒரே கம்பியில் புதிதாகக் கடைவது. என் ஓட்டு இதற்குத்தான். பம்புசெட்டுக்கும் மில் இயந்திரத்துக்கும் தண்டு கடைந்தே பழகிய ஊர் இது. கணபதிப் பகுதியிலும் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலும் லேத், பல் வெட்டும் ஹாபிங், எஃகைச் சூட்டில் பதப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட் மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

கம்பி இஎன் 24. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்தது. அமெரிக்கக் கணக்கில் 4340. ஆனால் பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். கடையில் வாங்கிய நிலையிலேயே கடைந்து மாட்டினால், பதப்படுத்திய சாதாரணக் கம்பெனி ஆக்ஸிலே அதைத் தோற்கடிக்கக்கூடும். 850 டிகிரி அளவில் காய்ச்சி, எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடாக்கி டெம்பர் செய்து, பிறகுதான் ஸ்ப்ளைனை, அதாவது ஜாயின்ட்டுக்குள் பொருந்தும் முனைப் பற்களை, வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு காய்ச்சினால் நீளமான தண்டு கோணிக்கொள்ளும். ஸ்ப்ளைனும் அளவு மாறும்.

தடிமன் விஷயத்தில் ஆசை கூடாது. விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப வலு ஏறும் என்பதால் 22 மில்லிமீட்டரை 24 ஆக்கினாலே ஏறக்குறைய 30 சதவீதம் கூடுகிறது. ஆனால் முனையில் உள்ள ஸ்ப்ளைன் ஜாயின்ட்டின் அளவுக்குக் கட்டுப்பட்டது. நடுத்தண்டை மட்டும் பருமனாக்கினால் முறிவு ஸ்ப்ளைன் முடியும் இடத்துக்கு நகரும், அவ்வளவுதான். நடுத்தண்டை ஸ்ப்ளைனின் பள்ள விட்டத்தைவிடச் சற்று மெலிதாகவே கடைந்து, இரண்டும் சேரும் இடத்தில் தாராளமான வளைவு விடச் சொன்னேன். முறுக்கம் ஓரிடத்தில் குவியாமல் நீளம் முழுதும் பரவுகிறது.

வலுவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். என்னைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்பு. ஆக்ஸிலில் அடிக்கடி கெடுவது தண்டு அல்ல. ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழியும், கிரீஸ் வெளியேறும், மண் உள்ளே போகும், திருப்பத்தில் ஜாயின்ட் டக்டக்கென்று சத்தம் போடும். பிறகு அந்த ஜாயின்ட்டை மாற்ற வேண்டும். புதுத் தண்டின் ஒரு முனையில் 800இன் ஸ்ப்ளைன், மறுமுனையில் எஸ்டீமின் ஸ்ப்ளைன் என்று வெட்டிவிட்டால், ஜாயின்ட், பூட், கிளிப், லாக் வளையம் எல்லாம் உதிரிபாகக் கடையில் கேட்டு வாங்கும் பொருள்களாகவே இருக்கும். 800இன் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டாலும் அதன் ஜாயின்ட்டுக்கு இன்னும் பஞ்சமில்லை. தனியாகச் செய்த ஜாயின்ட்டோடு வரும் ஆக்ஸில் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், ஒரு பூட் கிழிந்தால் செய்தவரைத்தான் தேடிப் போக வேண்டும்.

இதற்காகவே ஹாபிங் பட்டறைக்கு அளவை எழுதிக் கொண்டுபோகாமல் புது ஜாயின்ட்டின் உள் வளையத்தையே கழற்றிக் கொண்டுபோவது நல்லது. உள்ளங்கையால் அழுத்தினால் தண்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். போன பிறகு திருகிப் பார்த்தால் துளியும் ஆடக் கூடாது. சுத்தியலைத் தேடினாலோ, ஆடினாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீளத்தையும் வண்டியிலேயே எடுங்கள்: சக்கரம் தொங்கும்போது உள் ஜாயின்ட்டின் உருளைகள் அதன் கிண்ணத்தின் வாய்வரை வந்துவிடக் கூடாது, முழுதும் அமுங்கும்போது அடியில் போய் முட்டவும் கூடாது.

இந்த வழியிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. தண்டு பலமானதும் பலவீனம் 800இன் சின்ன வெளி ஜாயின்ட்டுக்குப் போகிறது. கியர் பாக்ஸ் போவதைவிட அது போவது மேல் என்று ஏற்றுக்கொண்டேன். டர்போ போட்டவர்கள், பள்ளக் கோடுகள் இல்லாத ஸ்லிக் பந்தய டயரில் ஓட்டுபவர்கள் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அனுபவம் டர்போ இல்லாத எஞ்சினோடும் சாதாரண டயரோடும் முடிகிறது. மாட்டுமுன் தண்டின் மேல் நீளவாக்கில் ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். எப்போதாவது குனிந்து பார்க்கும்போது கோடு முறுக்கிக்கொண்டு போயிருந்தால் தண்டு தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

செலவு வெல்டிங்கைப்போலப் பல மடங்கு. அதில் பெரும்பகுதி ஹாபிங் இயந்திரத்தை செட் செய்யும் கூலி. ஒரு ஜோடி கேட்டாலும் இரண்டு ஜோடி கேட்டாலும் அந்தக் கூலி ஒன்றுதான் என்பதால், உபரி ஜோடியையும் அப்போதே வெட்டச் சொல்லி, வரைபடத்தைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.