முட்டி தட்டும் கால்களுக்கு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை: ஒரு மதிப்பீடு

அம்மாவின் முழங்கால்கள் ஒன்றோடொன்று தட்டும் அளவுக்கு உள்வளைந்திருந்ததால், செயற்கை மூட்டின் தரத்தைப் போலவே தசைநார்களைச் சமன்செய்யும் திறமையும் முக்கியம் என்று மருத்துவர் முதலிலேயே விளக்கினார். இத்தகைய காலில் வெளிப்பக்கத் தசைநார்கள் இறுகியும் உட்பக்கத் தசைநார் நீண்டு தளர்ந்தும் இருக்கும். ஆகவே இறுகியவற்றைச் சிறுசிறு கீறல்களால் படிப்படியாகத் தளர்த்தி, காலை நீட்டியும் மடக்கியும் இருபுற இடைவெளி சமமாகிறதா என்று ஒவ்வொரு கட்டத்திலும் சோதித்திருக்கிறார். உட்பக்கத் தசைநார் தாங்காவிட்டால் பொருத்துவதற்காக, கூடுதல் பிடிமானமுள்ள மூட்டையும் ஆயத்தமாக வைத்திருந்தது எனக்கு மிகுந்த நம்பிக்கையளித்தது. வளைவை நிமிர்த்தும்போது வெளிப்பக்க நரம்பு இழுபட்டுப் பாதத்தைத் தூக்க முடியாமல் போகக்கூடும் என்ற அபாயத்தையும் அவர் மறைக்கவில்லை. இன்று கால் நேராக இருக்கிறது, நடையில் தள்ளாட்டமில்லை. இயன்முறைப் பயிற்சி பற்றிய விளக்கம் மட்டும் அவசரமாக முடிந்தது. அதற்கு இன்னும் நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும்.