தென்னை நோய்ப் பயிற்சி என்று 29,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன், நீங்களாவது கட்டாதீங்க

கட்டி முப்பத்தாறு நாள் ஆச்சு. நேற்று சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தும் என்னைத் தூக்கிவிட்டார்கள். 29,000 ரூபாய் அவ்வளவுதான். கோபம் ஆறிவிட்டால் எழுத மாட்டேன், அதனால் இப்பவே எழுதிவிடுகிறேன்.

ஆனைமலை, பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்புகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துப் பார்ப்பதுதான் என் தொழில். மரம் ஏறிக் கொண்டை சுத்தம் செய்வது, மருந்து வைப்பது, பட்ட மரத்தை வெட்டி எடுப்பது, ஏழு ஆள் வேலை. முன்னெல்லாம் ஏறி இறங்கத் தெரிந்தால் போதும். 2016-இல் ஓலையில் சாறு உறிஞ்சும் சுருள் வெள்ளை ஈ வந்தது, இந்தியாவிலேயே முதலில் தெரிந்தது எங்கள் பொள்ளாச்சியில்தான், அப்புறம் கேரள வேர் வாடல் நோய் வேறு. இப்போது தோட்டத்துக்காரர் ஒவ்வொருவரும் மரத்தைக் காட்டி "இது என்ன நோவுன்னு சொல்லுப்பா" என்கிறார். தெரியவில்லை என்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் வேலை. அந்த நேரத்தில்தான் "மரப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர்களுக்குப் பூச்சி, நோய்ப் பயிற்சி, ஐந்து நாள், தோப்பிலேயே செய்முறை, அரசு அங்கீகாரச் சான்றிதழ்" என்று ஒரு தனியார் பயிற்சி மையத்தின் விளம்பரம் வந்தது.

நான் ஒன்றும் விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவச டெமோ என்று ஒரு தோப்புக்குக் கூப்பிட்டார்கள். பயிற்சி தருகிறவர் ஒரு மரத்தைச் சுற்றி வந்தார், அடியில் ஒரு துளை, அதில் பழுப்பாகப் பிசின் மாதிரி வடிந்திருந்தது. "காதை வைங்க தம்பி" என்றார். வைத்தேன். உள்ளே நற நற என்று மெல்லும் சத்தம். சிவப்புக் கூன்வண்டின் புழு. பதினாலு வருஷமாக மரம் ஏறுகிறேன், வண்டு விழுந்த மரம் எத்தனையோ வெட்டியிருக்கிறேன், ஒரு நாளும் காதை வைத்துப் பார்த்ததில்லை. அடுத்து மேலே காட்டி, "பச்சை மட்டையை ஒட்ட வெட்டுறீங்கல்ல, அந்தக் காயத்து வாடைக்குத்தான் வண்டு வருது, நாலடி விட்டு வெட்டணும்" என்றார். நாங்கள் எல்லோரும் ஒட்டத்தான் வெட்டிக்கொண்டிருந்தோம், பார்க்க அழகாக இருக்கும் என்று. வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தில்தான் விழுந்தேன். இவருக்கு இவ்வளவு தெரிந்தால் மிச்சமும் தெரியும் என்று, தலைக்கு 14,500, எனக்கும் என் மச்சானுக்கும் சேர்த்து 29,000 ரூபாயை அந்த மரத்தடியிலேயே ஜிபேயில் அனுப்பிவிட்டேன். ரசீது கேட்டதற்கு "கிளாஸ் அன்னைக்குத் தர்றோம் சார்".

ஐந்து நாள் இரண்டு நாளானது. தோப்பு கல்யாண மண்டபமானது. டெமோ காட்டியவர் வரவில்லை, வேறு ஒரு பையன் லேப்டாப்பில் படம் ஓட்டினான். அதில் பாதி ஆப்பிள் மரம். அந்துருண்டையும் மணலும் மட்டை இடுக்கில் போட்டால் காண்டாமிருக வண்டு வராது என்று அரை மணி நேரம் சொன்னான், அது எங்கள் ஆட்களில் தெரியாதவர் யாரும் இல்லை. வேர் வாடல் என்று ஒரு படம் போட்டான். மச்சான் பட்டுக்கோட்டைப் பக்கம் வேலை பார்த்தவன், எழுந்துவிட்டான். "தம்பி, அடிமரத்துல செம்பழுப்பா சாறு வடியுது பாருங்க, இது தஞ்சாவூர் வாடல், வேர் வாடல்னா ஓலை தொய்ஞ்சு விலா எலும்பு மாதிரி வளையும்" என்றான். பையன் "டவுட் எல்லாம் கடைசியில" என்றான். கடைசி வரவேயில்லை. வெள்ளை ஈக்கு வீரியமான மருந்தாக அடியுங்கள் என்றும் சொன்னான், அடித்தால் அந்த ஈயைத் தின்னும் என்கார்சியா ஒட்டுண்ணியும் சேர்ந்து செத்துப்போகும் என்பதுகூடத் தெரியாமல்.

போகும்போது ஆளுக்கு ஒரு பாட்டில். "வேர் வாடல் 45 நாளில் குணம்." பதிவு எண் இல்லை, கம்பெனி முகவரி இல்லை, திறந்தால் மீன் அமில வாடை. நல்லவேளை எந்த மரத்துக்கும் ஊற்றவில்லை, ஆழியார் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே இருந்தவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேர் வாடல் பைட்டோபிளாஸ்மாங்கிற நுண்ணுயிரால வருது, குணமாக்குற மருந்தே கிடையாது, உரம் கொடுத்துத் தாக்குப்பிடிக்க வைக்கலாம், நோய் ரொம்ப முத்தின மரத்தை எடுத்துடணும்" என்றார். எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டார். 29,000 என்று சொல்ல வாய் வரவில்லை, பத்தாயிரம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம் போன் போராட்டம். சார் மீட்டிங்கில் இருக்கார். சார் கோயிலுக்குப் போயிருக்கார். மீதி மூன்று நாள் செய்முறை மழை விட்டதும் (அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது). பணத்தைத் திருப்பிக் கேட்டால், "நீங்க கிட் வாங்கிட்டீங்களே சார், ரீஃபண்ட் வராது." அந்தப் பாட்டில்தான் கிட்டாம். சான்றிதழ் பிடிஎஃப்பாக வந்தது, என் அப்பா பெயரை எனக்குப் போட்டு. அரசு முத்திரை என்று தேடினால் அவர்களுடைய லோகோதான் இருக்கிறது.

எப்படி ஏமாறாமல் இருப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், விடிந்தால் கோட்டூரில் வேலை. சுருக்கமாக: ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் அனுப்பாதீங்க. எந்தத் தோப்பு, எத்தனை நாள், யார் சொல்லித் தருவது என்று எழுதி வாங்குங்க. வேர் வாடலுக்கு மருந்து இருக்கிறது என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்க. தென்னை வளர்ச்சி வாரியத்தின் "தென்னை மரங்களின் நண்பர்கள்" பயிற்சி ஆறு நாள், மரம் ஏறுவதோடு பூச்சி, நோயும் சொல்லித் தருகிறார்கள், அதற்குக் காசே கிடையாது. எனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் 29,000 ரூபாயில் ஏழு பேருக்கும் ஏறும் கருவி வாங்கியிருப்பேன்.

அடுத்த பேட்ச் உடுமலைப் பக்கம் சேர்க்கிறார்கள் என்று கேள்வி. இதே கூன்வண்டு டெமோதான் காட்டுவார்கள். போங்க, காதை வைத்துக் கேளுங்க, அது இலவசம். போனை மட்டும் வண்டியிலேயே வைத்துவிட்டுப் போங்க.