ஆண் இடுப்பு மாடல்: நர்சிங் வகுப்புக்குத் தாராளமாக வாங்கலாம்

நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்க வாங்கினேன். நீளவாக்கில் வெட்டிய ஆண் இடுப்பு. சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றிப் புராஸ்டேட் சுரப்பி உட்கார்ந்திருப்பது பளிச்சென்று தெரிகிறது. பின்னாலேயே மலக்குடல். டாக்டர் ஏன் அந்த வழியாக விரல் விட்டுப் பார்க்கிறார் என்பது மாணவிகளுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. விந்து வரும் நாளங்கள் சுரப்பிக்குள் நுழையும் இடத்தைக்கூட விடவில்லை. விந்தில் சேரும் திரவத்தின் ஒரு பங்கு இங்கேதான் சுரக்கிறது என்று தொட்டுக் காட்ட முடிகிறது.

ஒரே குறை, சுரப்பி முழுக்க ஒரே நிறம். வயதானால் பெருத்துக் குழாயை நெரிப்பது அதை ஒட்டிய உட்பகுதி. புற்றுநோய் பெரும்பாலும் வருவது வெளிப்பகுதியில். மாணவிகளுக்கு முக்கியமே இந்த வித்தியாசம்தான். அப்புறம் நானே நெயில் பாலிஷ் பூசிப் பிரித்துவிட்டேன். நான்கு ஸ்டார்.