கைக்குழந்தைக்கான ரியூட்டரி சொட்டு மருந்து: ரக எண்ணைப் பார்த்து வாங்குங்கள்

மாலையானால் கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுத எங்கள் பேத்திக்குக் குழந்தை மருத்துவர் எழுதிக்கொடுத்த புரோபயாடிக் (நன்மை தரும் உயிருள்ள பாக்டீரியா) சொட்டு மருந்தை மயிலாப்பூரில் வாங்கினோம். அதில் எனக்கு முதலில் நிறைவளித்தது, லாக்டோபேசிலஸ் ரியூட்டரி என்ற பெயரோடு டிஎஸ்எம் 17938 என்ற ரக எண்ணையும் அட்டையில் அச்சிட்டிருந்ததுதான். ஒரே இனத்துக்குள் எத்தனையோ ரகங்கள் இருப்பதால், ஒன்றில் நிரூபிக்கப்பட்ட பலனையும் பாதுகாப்பையும் இன்னொன்றின் கணக்கில் எழுத முடியாது.

குழந்தையின் குடலிலிருந்தோ தாய்ப்பாலிலிருந்தோ எடுத்த பாக்டீரியா என்பதாலேயே அது பாதுகாப்பானதாகிவிடாது. நச்சுப் பொருள் எதையும் உண்டாக்குகிறதா, ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கிறதா, ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுக்களைப் பிற கிருமிகளுக்குக் கடத்துமா என்றெல்லாம் சோதித்தாக வேண்டும். பெரு நாட்டுத் தாய் ஒருவரின் பாலிலிருந்து பிரித்தெடுத்த இதன் மூல ரகத்தில் டெட்ராசைக்ளின், லின்கோமைசின் ஆகியவற்றை எதிர்க்கும் மரபணுக்களைச் சுமந்த இரண்டு பிளாஸ்மிடுகள் (பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையங்கள்) இருந்தன. அவற்றை நீக்கி உருவாக்கிய ரகமே 17938. இந்த அக்கறையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

நாளொன்றுக்கு ஐந்து துளி, அதாவது 10 கோடி பாக்டீரியா. எண்ணெயில் கலந்திருப்பதால் குப்பியை நன்றாகக் குலுக்கிச் சாய்த்துப் பிடித்தால்தான் துளி மெல்லத் திரண்டு விழுகிறது. பாலாடையில் விட்டுப் புகட்டினோம், சுவையைக் குழந்தை மறுக்கவில்லை. சூடான பாலில் கலக்கக் கூடாது. சென்னை வெயிலில் இதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம்: முதலில் நாங்கள் நுழைந்த கடையில் இதே அட்டைப் பெட்டிகள் மதிய வெயில் நேராக விழும் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்ததால் வாங்காமல் திரும்பிவிட்டோம். அங்கே மாற்றாக நீட்டிய மருந்தில் ரக எண்ணே இல்லை.

அழுகை படிப்படியாகக் குறைந்தது. மூன்று, நான்கு மாதமானால் இவ்வகை அழுகை தானாகவே தணியும் என்பதால் முழுப் பெருமையையும் மருந்துக்குத் தர மாட்டேன். ஆய்வுகளிலும் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளிடமே பலன் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. புட்டிப்பால் குழந்தைகளுக்கு அந்த உறுதி இல்லை.

குறைமாதக் குழந்தைக்கு மட்டும் இதையோ வேறு எந்தப் புரோபயாடிக்கையோ நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மிகக் குறைந்த எடையோடு பிறந்து, புரோபயாடிக் கொடுக்கப்பட்ட குழந்தை ஒன்று, அந்தப் புரோபயாடிக்கில் இருந்த பாக்டீரியா (ரியூட்டரி அல்ல, வேறு இனம்) ரத்தத்தில் பரவி இறந்ததையடுத்து, 2023இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மருத்துவர்களுக்கே எச்சரிக்கை விடுத்தது.