பவளத் தொட்டிக்கு உப்புநீர்: சிறுவாணியா, போர்த் தண்ணியா, பொன்னானிக் கடலா?

பவளத் தொட்டி (உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருப்பவர்கள் எந்த வாளி உப்பு, அதாவது வாளியில் விற்கும் செயற்கைக் கடல் உப்பு, நல்லது என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். அதைக் கரைக்கப்போகும் தண்ணீர் என்ன என்று கேட்டால் "குழாய்த் தண்ணிதான்" என்று பதில் வரும். கொங்குப் பகுதியில் குழாய்த் தண்ணீர் ஊருக்கு ஊர் வேறு, ஒரே வீட்டிலேயே இரண்டு குழாய்க்கும் வேறு. ஒப்பீட்டை அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

சிறுவாணி அணைத் தண்ணீர் வரும் கோவைத் தெருக்களில், கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இரண்டிலக்க எண்தான் காட்டும். திருப்பூர்ப் பக்கத்துப் போர்த் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். ஆர்.ஓ. வடிகட்டியின் சவ்வு, கரைந்திருப்பதில் 95 முதல் 98 சதவீதத்தைத் தடுக்கும். 50 உள்ளே போனால் 1 முதல் 2.5 வெளியே வரும். 1,200 போனால் 24 முதல் 60. மிச்சத்தைப் பிடிக்க வேண்டியது, ஆர்.ஓ.வுக்கு அடுத்து வைக்கும் டி.ஐ. ரெசின் (அயனிகளைப் பிடிக்கும் சிறு மணிகள்). அதாவது கோவையில் ஒரு வருடம் ஓடும் ரெசின் திருப்பூரில் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் போர்த் தண்ணீரை "சும்மா கிடைக்குது" என்று சொல்வதில் அர்த்தமில்லை. மழைநீர்த் தொட்டி இருந்தால் அதை ஆர்.ஓ.வுக்குக் கொடுப்பது நல்ல வழி. சிறுவாணிக்கும் ஒரு நிபந்தனை உண்டு: குளோரின் சவ்வை அரிக்கும், எனவே முன்னால் கார்பன் பிளாக் (கரி வடிகட்டி) கட்டாயம். போர்த் தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சுண்ணாம்பு படிந்து சவ்வு அடைத்துக்கொள்ளும்.

ரெசினைத் தாண்டி வரும் தண்ணீர் 0 காட்ட வேண்டும். 1, 2 என்று ஏறினால் மாற்றிவிடுங்கள். களைத்த ரெசினிலிருந்து முதலில் நழுவுவது சிலிக்கா. அதை மீட்டர் சரியாகக் காட்டாது, தொட்டிக் கண்ணாடியில் படியும் பழுப்புப் படலம்தான் காட்டும்.

சமையலறை ஆர்.ஓ. போதாதா என்றால், போதாது. பெரும்பாலானவற்றில் சுவைக்காக டி.டி.எஸ். கன்ட்ரோலர் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைத் திரும்பக் கலக்கிறது, அல்லது மினரல் கார்ட்ரிட்ஜ் எதையாவது சேர்க்கிறது. "காப்பர்" என்று விளம்பரப்படுத்தும் மாடல்களின் பக்கமே போக வேண்டாம். மனிதருக்கு நல்லது என்று சேர்க்கும் செம்பு பவளத்துக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் விஷம். 20 லிட்டர் கேன் தண்ணீரும் பெரும்பாலும் மினரல் சேர்த்ததுதான்.

கடல்நீரா, கலக்கும் உப்பா?

கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொன்னானி சுமார் 140 கிலோமீட்டர். "கடலே இருக்கும்போது உப்பை எதுக்கு வாங்கணும்?" என்ற கேள்வி நியாயமானது. திறந்த கடலின் நீரில் உப்புத்தன்மை 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு), கால்சியம் லிட்டருக்கு 420 மி.கி. அளவில், மக்னீசியம் 1,300 அளவில், காரத்தன்மை 7 டி.கே.ஹெச். (காரத்தன்மையின் அலகு) பக்கம். இதைவிட நல்ல கலவை கிடையாது. ஆனால் கரையில் நின்று வாளியில் மொள்ளும் நீர் அது அல்ல. பொன்னானியில்தான் பாரதப்புழை கடலில் சேர்கிறது. நம்ம ஆழியாற்றுத் தண்ணீரும் கடைசியில் அங்கேதான் போகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை முகத்துவாரத்தில் உப்பு வெகுவாகக் குறையும். அதே மாதங்களில் கேரளக் கடலில் அடிநீர் மேலே வருவதால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசிப் பெருக்கமும் கூடவே வரும்.

கொண்டுவருவதானால் கோடையில், முகத்துவாரத்தை விட்டு விலகி, கரையிலிருந்து படகில் தள்ளிப்போய் எடுத்த நீர்தான் வேண்டும். 5 மைக்ரான் பையில் வடித்து, மூடி, இருட்டில் வைக்க வேண்டும். 28 பி.பி.டி. இருந்தால் லிட்டருக்கு 7, 8 கிராம் செயற்கை உப்புச் சேர்த்துத் தூக்கலாம். டீசல், சுமைகூலி, பாதி நாள் இவற்றைக் கூட்டினால் 500 லிட்டருக்குக் கீழே உள்ள தொட்டிக்கு வாளி உப்பே மலிவு. மாதாமாதம் கடலோரம் போகிற மீன் வண்டிக்காரர் யாராவது பழக்கமிருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

"கல்லுப்பு போட்டா ஆகாதுங்களா?" ஆகாதுங்க. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது கால்சியம் முதலில் ஜிப்சமாகப் படிந்துவிடும். பிறகுதான் சோடியம் குளோரைடு விளைகிறது. மக்னீசியம் வடிந்துபோகும் கசப்பு நீரில் தங்கிவிடும். மூட்டையில் வருவது கடலின் ஒரு பகுதி மட்டுமே.

8-ஆ, 12-ஆ?

வாளி உப்புகளில் உண்மையான வித்தியாசம் காரத்தன்மையில் இருக்கிறது. ரெட் சீ நீல வாளி 8 டி.கே.ஹெச். பக்கம், அதே நிறுவனத்தின் கோரல் ப்ரோ 12 பக்கம். தொட்டி 8-இல் இருக்கும்போது 12 உள்ள நீரை 10 சதவீதம் மாற்றினால் 8.4 ஆகும், பவளம் கண்டுகொள்ளாது. 30 சதவீதம் மாற்றினால் 9.2. ஒரே மணி நேரத்தில் 1.2 ஏறுவது அக்ரோபோரா போன்ற கல்பவளங்களின் நுனியைக் கருக்கக்கூடும். டோசிங் பம்ப் (கால்சியத்தையும் காரத்தன்மையையும் சிறிது சிறிதாகச் சேர்க்கும் கருவி) இல்லாமல், வாராவாரம் தண்ணீர் மாற்றுவதை மட்டும் நம்பி ஓட்டும் தொட்டிக்கு 12 உதவும். டோசிங் வைத்திருப்பவர்களுக்கும், மென்பவளம் மட்டும் வளர்ப்பவர்களுக்கும் 8 போதும். கரைக்கும்போது பிழையையும் அதுதான் பொறுத்துக்கொள்ளும்.

12 வகை சீக்கிரம் சுண்ணாம்பாகப் படியும். கரைத்துத் தெளிந்த சில மணி நேரத்திலேயே தொட்டியில் ஊற்றிவிட வேண்டும். "24 மணி நேரம் சுற்றவிடு" என்ற பழைய வழக்கத்தை இதற்குப் பின்பற்றினால் பம்பிலும் ஹீட்டரிலும் வெள்ளைப் படலம் ஏறும். படிந்ததெல்லாம் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கால்சியமும் காரத்தன்மையும். 8 வகையை ஓரிரு நாள் மூடி வைத்தாலும் பெரிதாகக் கெடாது.

20 லிட்டர் கலக்க

19.5 லிட்டர் ஆர்.ஓ. டி.ஐ. தண்ணீரை முதலில் ஊற்றி, மணிக்கு 1,000 லிட்டர் தள்ளும் பம்பை ஓடவிடுங்கள். 760 கிராம் உப்பை (லிட்டருக்கு 38 கிராம்) பத்து நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. அடியில் அடர்த்தி எகிறி, கரையும் முன்பே சுண்ணாம்பு பிரிந்துவிடும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் திரும்பக் கரையாது. சூடும் அதையே செய்யும். ஈரோட்டில் சித்திரை மதியம் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரை அப்படியே பயன்படுத்தாமல், ராத்திரி பிடித்து வைத்து 25 டிகிரிக்கு வந்தபின் கரைக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் காலையில் ஆரம்பிக்காதீர்கள். பாதியில் பம்ப் நின்றால் கரையாத உப்பு அடியில் மண்டிவிடும்.

பழைய நீல பேரல் வேண்டாம். திருப்பூரிலும் ஈரோட்டிலும் மலிவாகக் கிடைப்பவற்றில் சாயப்பட்டறை ரசாயனம் இருந்திருக்கலாம். வாளியை ஒவ்வொரு தடவையும் இறுக மூட வேண்டும். ஈரம் குடித்த உப்பில் 760 கிராம் என்பது குறைந்த உப்புதான்.

உப்புத்தன்மையை அளக்க, ஊசி ஆடும் ஹைட்ரோமீட்டரைவிட ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து அளக்கும் கருவி) மேல். ஊசியில் ஒட்டும் சிறு குமிழி அளவைக் கூட்டிக் காட்டும். ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் 0 வைத்தால் மட்டும் போதாது. 963.5 கிராம் டி.ஐ. தண்ணீரில் 36.5 கிராம் சுத்தமான சோடியம் குளோரைடு கரைத்தால் அது 35 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திருகைத் திருப்பி அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.